அறுவடை வரை இந்தக் கவலையிலேயே கழிப்பதா? கணவர் இரவில் உறங்குவதில்லை

கேள்வி
எழுதியவர்: நீடாமங்கலம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் சொந்த நிலம் இரண்டரை ஏக்கரும், குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கரும் சேர்த்துச் சாகுபடி செய்கிறார். இந்தச் சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் நட்டிருக்கிறோம், இப்போது பயிர் தூர் கட்டும் பருவத்தில் நிற்கிறது. வரப்பு வழியே போகிறவர்கள் எல்லோரும் பயிர் நன்றாக வந்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குள் நிலைமை வேறு.

ஐப்பசி பிறந்ததிலிருந்து அவருக்குச் சரியான உறக்கமே இல்லை. பதினொரு மணிக்குப் படுக்கிறவர் ஒரு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் வானிலைக் காணொளிகளைப் பார்க்கிறார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகப் போகிறது என்று ஒருவர் சொல்கிறார், அது ஆந்திரக் கரைக்குப் போய்விடும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாக ஒருவர் என்ன சொல்கிறார் என்று தேடத் தொடங்கிவிடுகிறார். மழை பெய்தால் பயிர் மூழ்குமோ என்ற கவலை. சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் வாய்க்காலில் தண்ணீர் வற்றிவிடுமோ என்ற கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது, 2021 பொங்கல் சமயத்து மழையில் முற்றிய கதிர் சாய்ந்தது, 2023-இல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 அன்றே மூட வேண்டி வந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இந்த வருஷம் எது என்றுதான் தெரியவில்லை" என்று முடிப்பார்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. என் நகைகள் அடகில் இருக்கின்றன. இவை தவிர உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் உண்டு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வரும் ஆண்டு கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிந்து விழுகிறார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை, ஏனென்றால் அங்கே நான்கு பேர் "பயிர் எப்படி?" என்று கேட்டுவிடுவார்களாம். மருத்துவரைப் பார்க்கலாம் என்று ஒருமுறை சொன்னதற்கு, "எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று கேட்டார்.

இப்போது அது எனக்கும் தொற்றிக்கொண்டது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வெளியே மேகம் கறுத்தால் நெஞ்சு படபடக்கிறது. கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கு மறந்துபோகிறது.

தை மாதம் வரை இப்படியே கழிக்க முடியாது. வானத்தை நம்பிப் பிழைக்கிற மற்றவர்கள் இந்த நிச்சயமின்மையை எப்படிக் கடக்கிறீர்கள்? "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதைச் சொல்ல ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.


பதில் 1
எழுதியவர்: கோட்டூர் ஒன்றியத்து விவசாயி

அம்மா, நான் கடைமடைக்காரன். எங்கள் பக்கம் தண்ணீர் வந்தால் கடைசியாக வரும். வெள்ளம் வந்தால் அது கடைசியாகத்தான் வடியும். ஆகையால் உங்கள் கணவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எனக்கு விளங்குகிறது.

என் அனுபவத்தில் மனிதனை அடித்துப்போடுவது நட்டத்தைவிட, இன்னும் நடக்காத பத்து நட்டங்களுக்கு ஒரே இரவில் விடை தேடுவதுதான். விடை தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிடு என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அதைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்து, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று பகலில், தெளிவான மனத்தோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். எழுதியது நடக்கிறதோ இல்லையோ, இரவு ஒரு மணிக்கு அதே கேள்வி எழுந்து வரும்போது அதற்கு விடை ஏற்கெனவே தாளில் இருக்கும்.

தூர் கட்டும் பருவத்தில் நின்றுகொண்டு தை மாத மழையை நினைத்துக் கலங்குவதில் பொருளில்லை. இப்போதைக்குக் கேள்வி ஒன்றே ஒன்று: பெருமழை பெய்தால் உங்கள் வயலில் தேங்கும் தண்ணீர் எவ்வழியே வெளியேறும்? அந்த வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறதா, கீழ்வயல்காரர் வரப்பை உயர்த்தியிருக்கிறாரா, மதகுக் குழாயில் மண் சேர்ந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் சுத்தம் செய்துவிடலாம். அப்படியும் பயிர் மூழ்கினால், தண்ணீர் வடிந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் ஓர் இரவு கலந்து வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட வேண்டும் என்பது வேளாண்மைத் துறை ஆண்டுதோறும் சொல்லும் பரிந்துரை. அளவை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த வரியை நோட்டில் எழுதி, ஜிப்சமும் புண்ணாக்கும் எங்கே கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள். மழை வந்த பிறகு எல்லோரும் ஒரே கடைக்கு ஓடுவார்கள்.

அறுவடைக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தார்ப்பாய் எத்தனை, எந்த மேட்டில் கொட்டுவது, அறுவடைக்குப் பெல்ட் மெஷின்காரரிடம் எப்போது சொல்லிவைப்பது என்று எழுதி மூடிவிட்டு, மார்கழிக் கடைசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.

வானிலைக் காணொளிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நல்ல நோக்கத்தோடும் நல்ல அறிவோடும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "டெல்டாவுக்குப் பேராபத்து" என்று சிவப்பு எழுத்தில் படம் போட்டு, உள்ளே போனால் "பத்து நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும்" என்று முடிக்கிறவர்களால் யாருக்கு என்ன லாபம்? ஐந்து நாளுக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்திய வானிலை ஆய்வுத் துறை, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கையில் அடுத்த ஐந்து நாளுக்கான மழை, காற்று, ஈரப்பதம் எல்லாம் இருக்கும். மேகதூத் செயலியிலும் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு, காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்தால் விவசாயத்துக்குப் போதும். அதற்கு மேல் பார்ப்பது எதுவும் வயலில் ஒரு வேலையாக மாறுவதில்லை.

அவர் விடியற்காலையில் வயலுக்குப் போகிறவராக இருந்தால் தடுக்காதீர்கள். போய்ப் பார்த்தால்தான் எங்களுக்கு மனம் அடங்கும்.


பதில் 2
எழுதியவர்: ஓய்வு பெற்ற மனநலப் பிரிவுச் செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கணவருக்கு நேர்வது மனத்தின் பலவீனம் அன்று என்பதை அவருக்கும் உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் பாறைகள் வரும்; அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும்; பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்த வேளையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற வேளையில்தான் வியர்வையும் கண்பாவை விரிவதும் காட்டிய பதற்றம் உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. விழுமோ விழாதோ என்றிருக்கும்போது ஒவ்வொரு நொடியும் தயாராகவே நிற்க வேண்டியிருக்கிறது. நெல் பயிரிடுகிறவர் ஐப்பசியிலிருந்து தை வரை அந்தப் பாதிக்குப் பாதியில் நிற்கிறார்.

கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கணநேரம் ஆறுதல் கிடைக்கிறது, அந்த ஆறுதல் தீர்ந்ததும் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. கைப்பேசியைப் பிடுங்கி ஒளித்துவைத்தால் சண்டைதான் மிஞ்சும். இரவில் சார்ஜ் போடும் இடத்தைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றலாம். அதுவும் உங்கள் இருவருடையதும் சேர்ந்து. அவசரத்துக்கு யாராவது அழைத்தால் மணி கேட்கும் தூரமாக இருந்தால் போதும்.

கவலைப்படாதே என்று சொன்னால் கவலை அடங்காது, ஆனால் அதற்கு ஒரு நேரம் ஒதுக்கினால் ஓரளவு கட்டுக்குள் வரும். மாலை விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து, மேலே ஐயா சொன்ன நோட்டைத் திறந்து, அன்றைக்கு மனத்தில் ஓடியதையெல்லாம் எழுதுங்கள். இரவில் கவலை எழும்போது "நாளை மாலைக்கு இருக்கட்டும்" என்று தள்ளிவைக்கப் பழகுவது மனநல மருத்துவத்தில் நெடுநாளாகப் பயன்பட்டு வரும் முறை. முதல் சில நாள்கள் கைகூடாது. அதற்காக விட்டுவிட வேண்டாம்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, படுத்து இருபது நிமிடமாகியும் உறக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பூட்டும் வேலை செய்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்பப் படுப்பது நல்லது. டீ எத்தனை மணிக்குக் குடிக்கிறார் என்று பாருங்கள். நான்கு மணி டீயிலிருக்கும் காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைத்தெருவில் ஏழு மணிக்கு இன்னொன்று என்றால் சொல்ல வேண்டியதில்லை. உறக்கத்துக்காக மதுவைத் தொடுகிற பழக்கம் இருந்தால் அது முதல் இரண்டு மணி நேரம் அமர்த்திவிட்டு, பின்னிரவில் எழுப்பிவிட்டுவிடும். இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது கொஞ்சம் கடினமானது. "நான் இல்லாமல் போனால் நல்லது", "என்னால் உங்களுக்குப் பாரம்" என்பது போல் அவர் எப்போதாவது பேசுகிறாரா என்று கவனியுங்கள். ஐயமிருந்தால் நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, மாறாக உள்ளே அழுத்திக்கொண்டிருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். அன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். இலங்கையில் 1990-களில் கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. அந்த ஒரு நேரத்து வேகத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. இது உங்கள் வீட்டுக்கு மட்டுமான அறிவுரை அன்று. விவசாயி வீடு ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்.

மருத்துவரிடம் அழைத்துப் போக "மனநலம்" என்ற சொல்லே தேவையில்லை. உறக்கமில்லை, அதனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடலாம் என்று சொல்லி அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தெந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்று அங்கேயே சொல்வார்கள். போக மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த இலவசச் சேவையில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே பேசுங்கள், உங்களுக்காக. நெஞ்சு படபடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதபோது மற்றவர் தன்னுடையதைத் தள்ளிப்போடுவது நம் பெண்களுக்குப் பழகிப்போனது.


பதில் 3
எழுதியவர்: முன்னாள் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்

மேலே எழுதிய இருவரும் மழையையும் மனத்தையும் பார்த்துக்கொண்டார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பல வீடுகளில் வானத்தைப் பற்றிய கவலை என்று வெளியே தெரிவது உண்மையில் கடனைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும்.

கடனைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிந்து விழுகிறார் என்கிறீர்கள். மொத்தம் எவ்வளவு என்பது அவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். தெரியாத தொகை இரவில் வளரும். ஒரு தாளில் ஒவ்வொரு கடனுக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நாளுக்குள். எழுதியவுடன் அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அந்த வட்டியை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது; தவறினால்தான் வட்டி ஏறும். எனவே தையில் கையில் வரும் முதல் பணம் எதற்குப் போக வேண்டும் என்பது தவணை நாளைப் பார்த்தாலே முடிவாகிவிடும். நகைக்கடனில் ஏலம் வரை போகாமல் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க இடமுண்டா என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளலாம். கைமாற்றுக் கொடுத்த உறவினரிடம், "தை அறுவடைக்குப் பிறகு இவ்வளவு, மிச்சம் அடுத்த போகத்தில்" என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால், கல்யாண வீட்டில் அவரைக் கண்டு ஒதுங்க வேண்டியிருக்காது.

இனிப் பயிர்க் காப்பீடு. நீங்கள் எழுதியதில் குத்தகை மூன்று ஏக்கருக்குக் காப்பீடு செய்தீர்களா என்ற விவரம் இல்லை. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு மட்டுமே. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், ஆனால் நீட்டிப்பை நம்பி இருந்துவிடக் கூடாது. பலரும் இடறுவது குத்தகை நிலத்தில்தான். வாய்மொழிக் குத்தகையாக இருக்கும், நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா உரிமையாளர் பெயரில் இருக்கும்; சாகுபடி செய்கிறவர் பெயருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டிருக்கிறார் என்ற பதிவு) வாங்கினால்தான் காப்பீடு செல்லும். நில உரிமையாளர் தயங்கினால் நேரில் போய்ப் பேசுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. பொதுவாக உங்கள் வயலில் எவ்வளவு போயிற்று என்று பார்த்து இழப்பீடு தருவதில்லை. வருவாய்க் கிராமத்தை ஓர் அலகாக வைத்து, அங்கே நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த சராசரி மகசூல், முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போயிருந்தால்தான் அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்தவர்களுக்குத் தொகை கிடைக்கும். உங்கள் ஒரு வயல் மட்டும் மூழ்கினால் ஒன்றும் வராமல் போகலாம். பணம் வரும்போதும் பல மாதங்கள் கழித்தே வரும். ஆகையால் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் காப்பீட்டின் மேல் வைக்காதீர்கள். அதற்குக் கல்விக்கடன், உதவித்தொகை ஆகியவற்றை இப்போதே விசாரித்துவைப்பது நல்லது.

பெரும் சேதமே வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. 33 விழுக்காடும் அதற்கு மேலும் பயிர்ச்சேதம் என்று அரசு கணக்கெடுத்தால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இடுபொருள் உதவி உண்டு. அத்தகைய சேதத்தில் குறுகிய காலப் பயிர்க்கடனை நீண்ட தவணைக்கு மாற்றித் தரவும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். தலைமறைவாகிவிடுகிறவரிடம் எந்தச் சங்கமும் தவணையைத் தள்ளிவைத்துப் பேசாது.


பதில் 4
எழுதியவர்: விவசாயி மகன், திருச்சி

எல்லோரும் நல்ல யோசனைகளையே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. பாரத்தைத் தாங்குவது எப்படி என்பதையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பாரத்தைக் குறைப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று ஏக்கர் குத்தகை உண்மையில் லாபம் தருகிறதா? விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல் அளந்தாக வேண்டும் என்ற ஒப்பந்தமாக இருந்தால், அந்த மூன்று ஏக்கரின் இடர் முழுவதும் உங்கள் வீட்டுத் தலையில் விழுகிறது. என் தந்தை குத்தகையை விட மாட்டேன் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார், விட்டால் ஊரில் மதிப்புப் போய்விடும் என்று. கடைசியில் விட்டார். மதிப்பு அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் போகத்தில் எதுவும் செய்ய முடியாது, நட்டாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு, குத்தகையைக் குறைப்பதா, விளைச்சலில் பங்கு என்று மாற்றிப் பேசுவதா என்று கோடையில் உட்கார்ந்து யோசியுங்கள். வெள்ளம் தேங்கும் வயல் மட்டும் தனியாக இருந்தால், அங்கே சி.ஆர். 1009 சப் 1 போடலாம். இளம் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைத்து எழும் ரகம் அது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளித்துவிட்டால், 65 முதல் 70 நாளில் வேறொரு வருமானம் வரும். நெல் ஒன்றையே நம்பியிருக்கும்போதுதான் மழை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு சொல். சிலருக்கு எழுத எழுதக் கவலை பெருகும், என் தந்தை அப்படிப்பட்டவர். அவருக்கு எழுத்தைவிடப் பேச்சுதான் ஒத்துவந்தது, அதுவும் வீட்டில் பேசுவதைவிட இன்னொரு விவசாயியிடம் வரப்பில் நின்று பேசுவது. உங்கள் கணவர் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: நீடாமங்கலம் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இதையெல்லாம் அவரிடம் காட்டவில்லை. வடிகாலைப் பற்றி எழுதியிருந்த பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். "கோட்டூர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வயல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஞாயிறு அன்று வடிகாலைச் சுத்தம் செய்தார்கள். அன்றிரவு அலுப்பில் உறங்கினார். மறுநாள் பழையபடிதான். நோட்டில் அவர் எழுத மறுக்கிறார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது போல அவர் பேசுகிற வகைதான், திருச்சித் தம்பி. குத்தகை நிலத்துக்கு அடங்கல் இதுவரை வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உரிமையாளர் தஞ்சாவூரில் இருக்கிறார்; தொலைபேசியில் ஒப்புக்கொண்டார், இந்த வாரத்துக்குள் முடித்துவிடுவோம். கடன் தாள் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. செவிலியர் அம்மா எழுதியிருந்ததைப் படித்த அன்றே மாட்டுக் கொட்டகையில் இருந்த மருந்துப் புட்டிகளை என் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். 14416-க்கு நான் பேசினேன். எனக்காக யாரோ பொறுமையாகக் கேட்டதே போதுமாயிருந்தது. இரத்த அழுத்தம் பார்க்க வருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்றைக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

அவர் கேட்கச் சொன்ன ஒரு கேள்வி உண்டு, கோட்டூர் ஐயாவுக்கு. சாதாரண நாள்களில் இரண்டு வேளை வானிலை பார்த்தால் போதும் என்பதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் உண்மையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்த இரவில் என்ன செய்வது? அன்றைக்கும் படுத்து உறங்கச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்.


பதில் 5
எழுதியவர்: கோட்டூர் ஒன்றியத்து விவசாயி

நியாயமான கேள்வி. அன்றைக்கு உறக்கம் வராது, வர வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் கொட்டும் மழையில் நள்ளிரவில் வயலில் செய்யக்கூடிய வேலை எதுவும் கிடையாது என்பதை அவரிடம் சொல்லுங்கள். செய்ய வேண்டியதெல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும்: வரப்பில் வடிமடையை வெட்டிவிடுவது, வயலில் கட்டியிருக்கும் தண்ணீரை முன்னதாகவே வடித்துவிடுவது, மோட்டார் கொட்டகையில் மின்சாரத்தை நிறுத்துவது, மாடுகளை மேட்டுக்குக் கொண்டுவருவது. அந்த வாரத்தில் உரம் எதுவும் இடக் கூடாது, கரைந்து போய்விடும்.

எங்கள் தெருவில் அப்படிப்பட்ட இரவுகளில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்கிறோம். ஆற்றங்கரை உடைப்பு, மரம் விழுவது என்று எது நடந்தாலும் விழித்திருப்பவர் மற்றவர்களை எழுப்புவார். அதனால் மற்ற நேரத்தில் கண்ணை மூடிக் கிடக்கவாவது முடிகிறது. உங்கள் தெருவில் அப்படி நான்கைந்து பேர் சேர்வார்களா என்று வடிகால் வெட்ட வந்தவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

காலையில் வெளிச்சம் வந்த பிறகுதான் வயலுக்குப் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது, கையில் ஒரு கம்பு வேண்டும். புயல் அடித்த மறுநாள் தண்ணீருக்குள் அறுந்து கிடக்கும் மின்கம்பிதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. கம்பி கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டு, அவர்கள் வந்து பார்க்கும் வரை அந்தப் பக்கம் யாரையும் இறங்க விட வேண்டாம். பயிர் ஒரு நாள் தண்ணீரில் கூடுதலாக நின்றால் தாங்கும்.